உங்கள் வரைபடத்தில் எங்கள் சந்து இல்லை

நகரத் திட்ட அதிகாரிகளுக்கும், அவர்களுக்காகக் குடியிருப்புகளை வடிவமைத்துத் தரும் கட்டிடக் கலைஞர்களுக்கும்,

போன மாதம் எங்கள் பகுதிப் பொதுக்கூடத்தில் 11 பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தீர்கள். பக்கத்தில் ஒரு கருத்துப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனீர்கள். முதல் பலகையில் நாங்கள் வாழும் இடம் ஒரு சாம்பல் நிறத் திட்டாக இருந்தது. அதன் மேல் ‘அகற்றப்படும் பகுதி’ என்று எழுதியிருந்தது. சந்துகள் இல்லை. குழாயடி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் படிக்கட்டு இல்லை. அந்தப் படிக்கட்டை எங்கள் ஆட்களே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்துக் கட்டினார்கள். மற்ற 10 பலகைகளிலும் எட்டு மாடிக் கட்டிடங்கள் வரிசையாக நின்றன. நடுவே மரங்கள், மரத்தடியில் சிரித்தபடி நடக்கும் மனிதர்கள். கருத்துச் சொல்ல 30 நாள் கொடுத்தீர்கள். நாங்கள் பெட்டியில் போட்ட எந்தக் காகிதத்துக்கும் பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் ஒரு கட்டிட ஒப்பந்ததாரரிடம் 16 வருடமாக வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்ததும் இப்போது இருப்பதும் அந்தச் சாம்பல் திட்டுக்குள்தான். உங்கள் பலகைகளை என்னால் படிக்க முடிந்தது. என்னோடு நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் முடியவில்லை. “நம்ம வீடு இதுல எங்க இருக்கு?” என்று அம்மா கேட்டார். எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் நான்காவது பலகையில் இருந்த வீட்டை மைதானத்தில் முழு அளவில் வரைந்தோம். தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம். சுவர் வரும் இடத்தில் கயிறு கட்டிப் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டோம். கதவுக்கு நிஜமாகவே ஒரு கதவைத் தூக்கிவந்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக உள்ளே போய்ப் பார்த்தோம். கட்டிலைப் போட்டதும் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. தண்ணீர் டிரம் வைக்க அடுப்பு மேடைக்கு நேர் முன்னால்தான் இடம் இருந்தது. அங்கே வைத்தால் மேடைக்குப் போக வழியில்லை. நடக்க முடியாத ஒரு பெரியவரை உள்ளே அழைத்துப் போனோம். அவருடைய சக்கர நாற்காலி குளியலறை வாசலில் இரண்டு பக்கமும் இடித்து நின்றுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியைப் பின்னால் தள்ளச் சொன்னார்.

அம்மா தன் தையல் மெஷினைக் கொண்டுவந்து மூலை மூலையாக வைத்துப் பார்த்தார். ஜன்னலோரம் வைத்தால் கட்டிலை எடுக்க வேண்டும். சுவரோரம் வைத்தால் துணி வெட்ட இடமில்லை. கடைசியில் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, வாசலில் போட்டு உட்கார்ந்தார். இப்போது எங்கள் வீட்டிலும் மெஷின் அங்கேதான் இருக்கிறது. பகல் வெளிச்சம் அங்கே இருக்கிறது, துணி கொடுக்க வருபவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள், எதிர்வீட்டுக் குழந்தை மேல் ஒரு கண் வைக்க முடிகிறது. உங்கள் திட்டத்தில் அந்த இடம் ஐந்தாவது மாடியில் இரண்டு பக்கமும் கதவுகள் உள்ள, ஜன்னலே இல்லாத ஒரு நடைபாதை. என்னையும் தம்பியையும் படிக்க வைத்த தொழிலுக்கு உங்கள் வரைபடத்தில் இடமில்லை.

அப்புறம் ஒரு கயிற்றை எடுத்து 3 மீட்டர் அளந்து பிடித்தோம். உங்கள் பலகையில் ஒரு கட்டிடத்துக்கும் அடுத்த கட்டிடத்துக்கும் இடையே உள்ள தூரம் அதுதான். அந்தப் பக்கம் எட்டு மாடி, இந்தப் பக்கம் எட்டு மாடி என்று நினைத்துக்கொண்டு நடுவில் நின்று மேலே பாருங்கள். தரைத்தளத்து வீட்டுக்கு வெயில் எந்த நேரத்தில் வரும்? இது எங்கள் கற்பனைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். மும்பையில் குடிசைகளிலிருந்து மக்களை மாற்றிக் குடியமர்த்திய சில அடுக்குமாடிகள் இதே போல 3 மீட்டர் இடைவெளியில் நெருக்கிக் கட்டப்பட்டன. அவற்றைப் பற்றி 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. கீழ்த்தளங்களில் வெளிச்சமும் காற்றும் போதவில்லை, காசநோயும் அங்கே கூடுதலாக இருந்தது என்று அது சொன்னது. குடிசையிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோய் வைத்த வீட்டில் நோய் வந்திருக்கிறது. சுவர் பலமாகத்தான் இருந்தது. அளவுதான் தவறு. அந்தத் தவறு நடந்தது வரைபட மேசையில்.

வடிவமைப்பு எங்களுக்குத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எங்களைவிட அது தேவைப்படுபவர்கள் குறைவு. எங்கள் இடத்தை நீங்கள் ஒருமுறைகூட அளக்காமல் வடிவமைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் சந்து ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை அடி அகலம். என் சின்ன வயதில் வீட்டு வாசல் சந்தின் தரையைவிட ஒரு படி உயரத்தில் இருந்தது. பிறகு சந்துக்குக் கான்கிரீட் போட வந்தார்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டார்கள். சில வருடம் கழித்து இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் சந்து நாலு விரல், ஐந்து விரல் உயர்ந்தது. வாசல்படி சந்துக்குச் சமமாயிற்று, பிறகு அதற்குக் கீழே போனது. இப்போது எங்கள் வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். மழை பெய்தால் தண்ணீரும் அதே இரண்டு படியில் இறங்குகிறது. கையில் காசு இருந்த வீடுகள் வாசலில் சிமெண்ட் திட்டுக் கட்டித் தடுத்தன. அங்கே தடுத்த தண்ணீர் காசில்லாத வீட்டுக்குள் போயிற்று. பல வருடமாக ஒன்றாக இருந்தவர்கள் ஒரு திட்டின் உயரத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பழைய தளத்தை உடைத்து எடுத்துவிட்டு, சரிவு பார்த்து, ஓரத்தில் ஒரு மூடிய வடிகால் விட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. நீர்மட்டக் குழாயோடு யாராவது அரை நாள் எங்கள் சந்தில் நின்றிருந்தால் போதும்.

அந்த வேலையை உலகில் பல இடங்களில் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஜகார்த்தாவில் கம்போங் எனப்படும் நெருக்கடியான குடியிருப்புகளுக்காக 1969-இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில் வீடுகளை இடிக்கவில்லை. நடைபாதை, வடிகால், குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை ஆகியவற்றைத்தான் முதலில் போட்டார்கள். வழி சரியாகி, வெள்ளம் குறைந்து, இனி யாரும் விரட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்ததும் மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே செப்பனிட்டார்கள். 1980-இல் அந்தத் திட்டத்துக்குக் கட்டிடக் கலைக்கான ஆகா கான் விருது கொடுத்தார்கள். கட்டிடமே கட்டாத ஒரு வேலைக்குக் கட்டிடக் கலை விருது கிடைத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

கராச்சியின் ஓரங்கி குடியிருப்பையும் சொல்ல வேண்டும். 1980-இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே போனபோது கழிவுநீர் சந்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சந்தில் இருக்கும் 20, 30 வீடுகள் ஒன்று சேர்ந்தன. தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்துக்கொண்டு, காசு போட்டு, சந்துக்கு அடியில் குழாய் பதித்தன. மட்டம் பார்த்துக் கொடுப்பது, வரைபடம் போடுவது, மேன்ஹோல் வார்க்க அச்சு தருவது ஆகிய உதவிகளை அவருடைய அமைப்பு செய்தது. சந்துக் குழாய்களை வாங்கிக்கொண்டு போகும் பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குக் கழிவுநீர் இணைப்பு வந்தது. அங்கே பல வருடம் உழைத்த பர்வீன் ரஹ்மான் உங்களைப் போல ஒரு கட்டிடக் கலைஞர். அரசு வரைபடங்களில் இடம்பெறாத குடியிருப்புகளைச் சந்து சந்தாக வரைபடத்தில் ஏற்றினார். வரைபடத்தில் ஏறிய இடத்தை இல்லை என்று சொல்லிப் பிடுங்குவது கடினம். 2013 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வரைபடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் உயிர் போனதைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். எங்களைச் சாம்பல் திட்டாக வரைந்த கோபம் எனக்கு அடங்காததற்கும் அதுதான் காரணம்.

‘குறுகிய சந்தில் கழிவுநீர்க் குழாய் போட முடியாது’ என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு பொறியாளர் என்னிடம் சொன்னார். வழக்கமான ஆழத்தில், வழக்கமான விட்டத்தில் போட முடியாதுதான். பிரேசிலின் நட்டால் நகரில் 1980-களில் ஜோசே கார்லோஸ் டி மெலோ என்ற பொறியாளர் அந்த வழக்கத்தையே மாற்றினார். கனரக வண்டி ஓடாத இடத்தில் குழாயை ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. நடைபாதைக்கு அடியிலோ வீட்டு முற்றத்தின் வழியாகவோ சிறிய குழாயை மேலாகவே கொண்டுபோகலாம், நெருக்கி நெருக்கிச் சின்னத் திறப்புகள் வைக்கலாம். தோண்டும் வேலை குறைகிறது, செலவும் குறைகிறது. பின்னால் பிரேசிலியா போன்ற பெரிய நகரமும் இந்த முறையை எடுத்துக்கொண்டது. கென்யாவின் நைரோபி நகரில் உள்ள முகுரு குடியிருப்புகளிலும் ஏறக்குறைய இதே முறையில் எளிய கழிவுநீர்க் குழாய்களைப் பதிக்கத் தொடங்கினார்கள். 2017-இல் அந்த நகர நிர்வாகம் முகுருவைச் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்து, ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் மக்களோடு உட்கார்ந்து திட்டம் போட்டது. ஒரு லட்சம் குடும்பங்களோடு பேச முடிந்திருக்கிறது. நாங்கள் 640 குடும்பங்கள்.

சரி, இன்னும் சின்ன விஷயத்துக்கு வருகிறேன். தரை. எங்கள் பகுதியின் கீழ்க்கோடியில் இன்னும் மண் தரை வீடுகள் உண்டு. தவழும் குழந்தைகளுக்கு அங்கே வயிற்றுப்போக்கு வந்துகொண்டே இருக்கும். மெக்சிகோவின் கோவாவீலா மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கினார்கள். மண் தரை உள்ள வீட்டுக்குக் கான்கிரீட் கலவையை அரசு கொண்டுவந்து கொடுக்கும். தரையை ஒழுங்குபடுத்தி வைப்பது அந்தக் குடும்பத்தின் வேலை. வீடு முழுவதும் சிமெண்ட் தரையானபோது குழந்தைகளிடம் குடல் புழுத் தொல்லை 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், ரத்தசோகை 81 சதவீதமும் குறைந்ததாக 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாய்மார்களின் மனச்சோர்வுகூடக் குறைந்தது. ஒரு நாள் வேலைதான் அது. எட்டு மாடிக்காக எட்டு வருடம் காத்திருக்கச் சொல்கிற நீங்கள், அதற்குள் பிறந்து தவழப்போகிற குழந்தைகளின் தரையைப் பற்றி ஒரு பலகையிலும் எழுதவில்லை.

கழிப்பறையைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்த காலம் போய்விட்டது. எங்கள் பொதுக் கழிப்பறை சந்தின் கடைசியில், விளக்கில்லாத இடத்தில் இருக்கிறது. எனக்கு ஆறேழு வயதில் அதன் குழி பெரியதாக, இருட்டாக இருக்கும். விழுந்துவிடுவேன் என்று பயந்து அடக்கிக்கொள்வேன். வரிசையில் நின்றால் பெரியவர்கள் ‘நீ அப்புறம் போ’ என்று தள்ளிவிடுவார்கள். கடைசியில் சாக்கடை ஓரத்தில்தான் உட்காருவேன். என் வயதுக் குழந்தைகள் எல்லோரும் அப்படித்தான். அது எங்கள் பழக்கக் கோளாறு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் புனே நகரத்தில் நடந்ததைப் படித்தேன். 1999-க்குப் பிறகு அங்கே மாநகராட்சியும் குடிசைப் பகுதிப் பெண்களின் குழுக்களும் அவர்களோடு நின்ற அமைப்புகளும் சேர்ந்து 400-க்கும் மேற்பட்ட பொதுக் கழிப்பறைகளை வடிவமைத்துக் கட்டின. அவற்றில் பலவற்றில் குழந்தைகளுக்குத் தனி இடம் வைத்தார்கள். குழி சிறியது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு, இருட்டறை இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை. பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க ஓர் அறை. இந்த யோசனைகள் சொந்தக் குழந்தையைக் கைபிடித்து அந்த இருட்டுக்குக் கூட்டிப்போன பெண்களிடமிருந்து வந்தவை. அவர்களைக் கேட்டதால் கிடைத்தவை. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. நான் பயந்தது நியாயம்தான் என்று யாரோ தூரத்தில் ஒரு கைப்பிடி வைத்துச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் இடத்தில் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. 9 வருடத்துக்கு முன் ஓர் இரவு தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி சந்து முனையோடு நின்றுவிட்டது, அவர்களுடைய குழாய் எட்டவில்லை. குடத்தில் தண்ணீர் கொண்டு ஊற்றினோம். 14 வீடுகள் போயின. வண்டி உள்ளே வர வழி வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கால்வாய்க் கரையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் கடைசி வரிசை வீடுகள் நகர்ந்தாக வேண்டும் என்பதையும் அங்கே இருப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் யாராலும் இருக்க முடியாது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் சூடு குறையும் என்று அகமதாபாத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். எங்கள் சந்திலும் மூன்று வீடுகள் அடித்திருக்கின்றன, வித்தியாசம் தெரிகிறது. கூரையில் துளை போட்டுத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைச் செருகிப் பகலில் வெளிச்சம் கொண்டுவரும் முறையை பிரேசிலில் அல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-இல் கண்டுபிடித்தார். அது எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அம்மாவுக்கு அது பிடிக்கும். ஆனால் பாட்டில் விளக்கைக் காட்டி, மின் இணைப்புக் கொடுக்காமல் இருப்பதை யாரும் நியாயப்படுத்தக் கூடாது.

மாற வேண்டும், எங்களுக்கும் அதுதான் ஆசை. எதை முதலில் மாற்றுவது, எவ்வளவை விட்டுவைப்பது என்பதில்தான் உங்களோடு சண்டை.

தீ வண்டிக்கு வழி விட எல்லாவற்றையும் இடிக்கத் தேவையில்லை. தாய்லாந்தில் 2003-இல் தொடங்கிய பான் மன்கோங் திட்டத்தில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. குடியிருப்பில் இருப்பவர்கள் சேமிப்புக் குழுவாகச் சேர்ந்து, தங்கள் இடத்தைத் தாங்களே அளந்து, கட்டிடக் கலைஞர் ஒருவரோடு உட்கார்ந்து, வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வரிசைப்படுத்துகிறார்கள். சில வீடுகள் இரண்டடி பின்னால் போகும், சில வீடுகள் இடம் மாறும். அந்த இடைவெளியில் வழியும் குழாயும் வரும். அரசுப் பணம் அந்தக் குழுவின் கைக்கே போகிறது, நிலமும் கூட்டாக அவர்கள் பெயரில் அல்லது நீண்ட காலக் குத்தகையில் இருக்கும். ஒரே மாதிரித் திட்டத்தை எல்லா இடத்திலும் ஒட்டவில்லை. சில இடங்களில் இருந்த இடத்திலேயே மேம்படுத்தினார்கள், சில இடங்களில் நில உரிமையாளரோடு நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள், வேறு வழியே இல்லாத இடங்களில்தான் பக்கத்து இடத்துக்கு மாறினார்கள்.

புதிதாகத்தான் கட்டியாக வேண்டும் என்றாலும் எங்களை ஊருக்கு வெளியே தள்ளாமல் கட்டலாம். சிலியின் இக்கிக்கே நகரில் அரை ஹெக்டேர் நிலத்தில் ஏறக்குறைய 100 குடும்பங்கள் 30 வருடமாக ஆக்கிரமித்து வாழ்ந்தன. நிலம் நகரத்தின் நடுவே இருந்ததால் விலை அதிகம். குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம், அதற்குள் நிலம், குழாய், வீடு எல்லாம் முடிய வேண்டும். கட்டிடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு தூரத்தில் மலிவான நிலம் தேடிப் போகவில்லை. அதே இடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நல்ல வீட்டின் பாதியைக் கட்டிக்கொடுத்தது. சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை என்று ஒரு குடும்பத்தால் தனியாகச் சரியாகச் செய்ய முடியாத பாதி அது. மீதிப் பாதிக்குப் பக்கத்திலேயே வெற்றிடம் விட்டது. வேலை, பள்ளி, உறவுகள் பக்கத்தில் இருந்தன. குடும்பங்கள் கையில் காசு வரும்போது அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டன. 2016-இல் கட்டிடக் கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் பரிசை வாங்கிய அந்தக் கட்டிடக் கலைஞர் தன் குழுவின் நான்கு வீட்டு வடிவமைப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் பலகையில் உள்ள வீடுகளில் ஒரு சுவரைக்கூட நகர்த்த முடியாது, ஓர் அலமாரிக்கு ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

ஆறாவது பலகையில் இருந்த கண்காட்சிக் கோபுரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட அழகு எங்கே போய் முடிகிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கொலம்பியாவின் மெடெயின் நகரில் 2004-இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் விட்டார்கள். மெட்ரோ ரயிலோடு இணைத்தார்கள், அதோடு பள்ளி, நடைபாதை, பாலம் எல்லாவற்றையும் சேர்த்தே செய்தார்கள். 2011-இல் இன்னொரு சரிவில் படிக்கட்டுகளுக்குப் பதிலாக 384 மீட்டருக்கு மின் படிக்கட்டுகள் வைத்தார்கள். முதியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வர முடிந்தது. அதே நகரத்தில், முதல் கேபிள் கார் போன அதே மலையில் 2007-இல் திறந்த ஒரு நூலகம் உலகம் முழுக்கப் படம் பிடிக்கப்பட்டது. கட்டுமானக் குறைகளால் அதைப் பல வருடம் மூடி வைக்க வேண்டியதாயிற்று. ரியோ டி ஜெனிரோவின் அலெமாவ் குன்றுகளில் மெடெயினைப் பார்த்து 2011-இல் ஆறு நிலையங்களோடு ஒரு கேபிள் கார் விட்டார்கள். 2016-இல் அது நின்றுபோனது. அதே ஊரின் ரொசின்யா குடியிருப்பில் கேபிள் கார் திட்டம் வந்தபோது, முதலில் சாக்கடையைச் சரிசெய்யுங்கள் என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரே மாதிரிக் கம்பி, ஒரே மாதிரிப் பெட்டி. அங்கே வாழ்பவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒன்று வாழ்கிறது, ஒன்று துருப்பிடித்தது. கோபுரத்தை எடுத்துவிட்டு அந்தப் பணத்தை வடிகாலில் போடுங்கள்.

உலகத்தில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் எங்களைப் போன்ற இடங்களில் வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட குடியிருப்புகளை 2030-க்குள் மேம்படுத்துவதாக 2015-இல் ஐக்கிய நாடுகள் சபையில் எல்லா அரசுகளும் ஒப்புக்கொண்டன. அந்த வாக்குறுதியில் இருக்கும் சொல் மேம்படுத்துதல்தான். உங்கள் முதல் பலகையில் இருக்கும் சொல் அகற்றுதல்.

இனி எங்கள் கோரிக்கைகள். 640 குடும்பங்களில் 571 குடும்பங்கள் கையெழுத்திட்டவை இவை.

முதலில் இப்போதைய திட்டத்தின் மேல் எந்த ஒப்பந்தமும் போடாமல் நிறுத்திவையுங்கள். வீடு இடிக்கும் அறிவிப்பு எதுவும் ஆறு மாதத்துக்கு யாருக்கும் வரக் கூடாது. அதை எழுத்தில் கொடுங்கள். நாளைக்கு இடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் இருப்பவரிடம் வடிகாலைப் பற்றிக் கருத்துக் கேட்டுப் பயனில்லை. நில உரிமையைக் கூட்டாகவோ குத்தகையாகவோ எங்கள் பெயரில் தருவது பற்றிய பேச்சு இந்த ஆறு மாதத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும்.

இரண்டாவது, சாம்பல் திட்டை அழித்துவிட்டு எங்கள் இடத்தை எங்களோடு சேர்ந்து அளந்து வரையுங்கள். ஒவ்வொரு வாசலின் உயரம், ஒவ்வொரு குழாய், வாசலில் நடக்கும் ஒவ்வொரு தொழில், எல்லாம் அதில் வர வேண்டும். இளைஞர்கள் 22 பேர் தயாராக இருக்கிறார்கள். வரைபடம் போட நான் இருக்கிறேன், இதற்குக் கூலி கேட்கமாட்டேன். அந்த வரைபடத்தை அரசு ஆவணமாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கட்டிடம் பற்றிய விவாதம் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் நடக்கட்டும், அதற்காகக் காத்திருக்க வைக்காமல் இந்த மழைக்கு முன்னால் செய்யக்கூடியவற்றைச் செய்யுங்கள். எங்கள் சந்தின் மூன்று அடுக்குக் கான்கிரீட்டை உடைத்தெடுத்துச் சரிவோடு வடிகால் போடுங்கள். கீழ்க்கோடியில் இருக்கும் 46 மண் தரை வீடுகளுக்குக் கலவை கொடுங்கள், ஆள் நாங்கள் தருகிறோம். பொதுக் கழிப்பறைக்கு விளக்கும் குழந்தைகளுக்குத் தனி இடமும் வேண்டும். அதை வடிவமைக்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும். தீயணைப்புக் குழாய் இணைக்கச் சந்து நடுவில் இரண்டு இடத்தில் நீர் முனை வையுங்கள்.

கால்வாய் விளிம்பில் இருக்கும் வீடுகளுக்கு, இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மாற்று இடம் காட்டுங்கள். புதுக் கட்டிடம் எங்கே வந்தாலும், அதன் வீட்டை மைதானத்தில் முழு அளவில் வரைந்து, அதில் வாழப்போகிறவர்கள் உள்ளே போய்ப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகே அடித்தளம் தோண்ட வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதுங்கள்.

கட்டிடக் கலைஞர்களிடம் தனியாக ஒன்று. பலகை 4-இல் கையெழுத்துப் போட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொண்டு சண்டை போடும் எண்ணமும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு நேரில் வாருங்கள். போர்வைகளையும் கதவையும் எடுத்துவைத்திருக்கிறோம், கோடுகளை மறுபடி போடுகிறோம். நீங்கள் வரைந்த வீட்டுக்குள் அந்தப் பெரியவரின் சக்கர நாற்காலியை ஒருமுறை நீங்களே தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்து பேசலாம்.